கூடத்துக்கு ஏசியா, பெட்டிக்கு சிலிக்கா ஜெல்லா?

கேள்வி: எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் கற்சிலை, செப்புத்திருமேனி, ஓலைச்சுவடி எல்லாம் ஒரே கூடத்தில் இருக்கின்றன. மின்சாரத்தை மிச்சப்படுத்த மாலையில் ஏசியை அணைத்துவிடுகிறார்கள். இது சரியா?
– வாசகி, நாகப்பட்டினம்

பதில்: சரியில்லை. பகலெல்லாம் குளிர்ந்து கிடந்த சுவரிலும் சிலையிலும், ஏசி நின்றதும் உள்ளே வரும் கடற்காற்று பட்டு ஈரம் படியும். ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல் நிலைத்தால் சுவடியில் பூஞ்சை பிடிக்கும்; குளோரைடு உப்பு ஊறிய செப்புத்திருமேனியில் வெளிர்பச்சைப் பொடி உதிரும். அதற்காக இரவும் ஏசியை ஓட்டச் சொல்லவில்லை. ஈரம் ஒத்துக்கொள்ளாத பொருள் எதுவோ, அதன் காட்சிப் பெட்டியை மட்டும் உலர்வாக வைத்தால் போதும்.

உப்புப் பூக்காத கற்சிலைக்கு நிழலும் காற்றோட்டமும் போதும். சுவடிக்கு 40 முதல் 60 சதவீதம் ஏற்றது. அதற்கும் கீழே போனால் ஓலை வெடிக்கும். உலகின் பெரிய அருங்காட்சியகங்கள் கூடும் பிசோ குழுவின் பசுமை நெறிமுறையும் ஈரம் உறிஞ்சும் பெரும்பாலான பொருட்களுக்கு இதே அளவைத்தான் சொல்கிறது, வெப்பம் 16 முதல் 25 டிகிரி வரை இருக்கலாம் என்கிறது.

செப்புத்திருமேனிக்கு 40-க்குக் கீழே வேண்டும். பெட்டியின் ஒரு கன மீட்டருக்கு, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் 20 கிலோ என்பது நெடுநாளாக உள்ள கணக்கு. நீல நிற ஜெல்லில் உடலுக்குக் கேடான கோபால்ட் இருப்பதால் அது வேண்டாம். ஆரஞ்சு நிறத்தை வாங்குங்கள். ஈரம் ஏறியதும் மாறும் நிறத்தை மட்டும் நம்பாமல் பெட்டிக்குள் ஒரு ஈரப்பதமானியும் வையுங்கள். அது 40-ஐ நெருங்கினால் ஜெல்லை எடுத்து, 120 டிகிரி தாண்டாத ஓவனில் காய வைத்து, மூடிய டப்பாவில் ஆறவிட்டுத் திரும்ப வைக்கலாம்.

பலர் கோட்டைவிடுவது பெட்டியின் இடுக்குகளில்தான். கசியும் பெட்டியில் எத்தனை கிலோ போட்டாலும் சில நாளில் ஜெல் ஊறிவிடும். அடைக்கிறேன் என்று புளிப்பு வாடை அடிக்கும் சிலிகானைப் பூசாதீர்கள். அந்த அசிட்டிக் அமிலம் உலோகத்தை, முக்கியமாக ஈயத்தை, அரிக்கும். அந்த அமிலம் வராத ‘நியூட்ரல் க்யூர்’ சிலிகான் என்று கேட்டு வாங்குங்கள். விளக்கு எல்இடியாக இருந்தாலும் பெட்டிக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே இருந்தால் பகலில் சூடேறிக் காற்று வெளியேறும், இரவில் ஆறும்போது ஈரக்காற்றை இழுக்கும்.

கேள்வி: தற்காலிகக் கண்காட்சிக்கு ஃப்ளெக்ஸ் பேனரைத் தவிர்க்க முடியுமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: தவிர்த்தே ஆக வேண்டும். ஃப்ளெக்ஸ் பிவிசியால் ஆனது; பழசாகும்போது அதிலிருந்து அமில ஆவி வரும், உலோகப் பொருளுக்கு அது ஆகாது. காடாத் துணியில் அச்சிடுங்கள். பலகைகளை ஆணியடிக்காமல் போல்ட் போட்டு இணைத்தால் அடுத்த கண்காட்சிக்கும் அவையே உதவும். எழுத்தைப் பலகையில் ஒட்டாமல் தனி அட்டையில் அச்சிட்டுச் செருகுங்கள். அட்டையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.