வீசிங்கோடு குழந்தை வந்தால் யார் என்ன செய்வது? நீலகிரி கிளினிக் ஊழியர்களின் கேள்விகளுக்குப் பதில்

மலையில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையங்கள், எஸ்டேட் ஆஸ்பத்திரிகள், சிறு கிளினிக்குகளில் வேலை செய்கிறவர்கள் கேட்டவை இவை. வீசிங்கோடு, அதாவது இழுப்போடு வரும் குழந்தையைக் கவனிக்க எல்லா ஊழியர்களுக்கும் பயிற்சி கொடுப்பது பற்றியவை. கீழே வரும் மருந்து அளவுகளை உங்கள் டாக்டர் ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, சிகிச்சை அறைச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் பயிற்சியைத் தொடங்காதீர்கள்.

மருத்துவ அலுவலர், குன்னூர் பக்கம்: எல்லாரையும் உட்காரவைத்து ஒரு நாள் வகுப்பு எடுத்தால் போதுமா?

போதாது. நுரையீரல் படம் மனதில் நிற்கும், கை பழகாது. 40 நிமிடமாக நான்கு தடவை வையுங்கள். செவ்வாய் கர்ப்பிணிகள், புதன் தடுப்பூசி, அதனால் வியாழன் மதியம்தான் தோது. கூடலூர், பந்தலூர்க்காரர்கள் தென்மேற்கு மழைக்கு முன், மே மாதத்துக்குள் முடிக்க வேண்டும். குன்னூர், கோத்தகிரிக்கு வடகிழக்கு மழைதான் பெரிது, செப்டம்பர் போதும்.

முதல் வகுப்பில் மருந்துப் பேச்சே வேண்டாம். கேட்டிலிருந்து சீட்டு போடும் இடம், நர்ஸ், டாக்டர், மருந்தகம் என்று குழந்தை போகும் வழியில் எல்லாருமாகக் கடிகாரத்தோடு நடந்து பாருங்கள். நேரம் வீணாவது பெரும்பாலும் சீட்டு வரிசையில்தான். ஆகவே சீட்டு போடுகிறவரும் வாட்ச்மேனும் வகுப்பில் இருக்க வேண்டும்.

ஓ.பி. சீட்டு போடுபவர், கோத்தகிரி: நான் மருத்துவம் படித்தவள் இல்லை. நான் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் ஜெர்கின் ஜிப்பைத் திறக்கச் சொல்லுங்கள். இங்கே குழந்தைகள் பனியன், ஸ்வெட்டர், ஜெர்கின், மேலே ஒரு மப்ளர் என்று வருவார்கள்; நெஞ்சு கண்ணில் படவே படாது. விலா எலும்புகளுக்கு நடுவிலும் கழுத்துக் குழியிலும் தோல் உள்ளே இழுக்கிறதா, ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்ல முடியாமல் திக்குகிறதா, அம்மா தோளில் துவண்டு கிடக்கிறதா, உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் ஆதார் எண், போன் நம்பர் எல்லாம் பிறகு. "சிஸ்டர், இழுப்பு!" என்று குரல் கொடுத்துக் குழந்தையை நேரே உள்ளே அனுப்புங்கள்.

ஸ்டாஃப் நர்ஸ், கூடலூர்: டாக்டர் இல்லாத நேரத்தில் நெபுலைசரா, ஸ்பேசரா? மழை வந்தால் கரண்டும் போய்விடுகிறது.

ஸ்பேசர்தான் சிஸ்டர், இன்ஹேலருக்கும் குழந்தையின் வாய்க்கும் நடுவில் பொருத்தும் பிளாஸ்டிக் குழல். சரியாகக் கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகளுக்கு, மருந்தைப் புகைபோல ஆக்கித் தரும் நெபுலைசர் செய்வதை அது செய்யும், கரண்டும் வேண்டாம். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புடமால் இன்ஹேலர், ஒரு பஃப் 100 மைக்ரோகிராம். 5 வயது வரை லேசான இழுப்புக்கு 2 பஃப், கடுமை என்றால் 6. ஆறு வயதிலிருந்து கடுமையைப் பொறுத்து 4 முதல் 10. தேவையானால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை, முதல் ஒரு மணி நேரத்தில் மூன்று சுற்று.

குழந்தையை அம்மா மடியில் நிமிர்த்தி உட்காரவையுங்கள். இன்ஹேலரைக் குலுக்கி ஸ்பேசரில் செருகி, மாஸ்க்கை மூக்கும் வாயும் மூடும்படி இடைவெளி இல்லாமல் அமுக்குங்கள். ஒரு பஃப் அழுத்தி, ஐந்தாறு மூச்சு எண்ணுங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் வால்வு அசைய வேண்டும். மறுபடி குலுக்கி அடுத்த பஃப். அவசரத்தில் மூன்று நான்கு பஃப்பைச் சேர்த்து அடித்துவிடுகிறார்கள். துளிகள் ஒன்றோடொன்று மோதி ஸ்பேசர் சுவரில் ஒட்டிக்கொள்ளும், குழந்தைக்குப் போவது குறையும். எண்ணிக்கை சரியாக இருக்கும், இழுப்பு மட்டும் அடங்காது.

ஊட்டிப் பக்கம் உறைபனிக் காலத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. விறைத்துக் கிடக்கும் இன்ஹேலர் சரியாகப் பீய்ச்சாது. உலோகக் குப்பியைக் கழற்றி உள்ளங்கையில் சில நிமிடம் பொத்தி வைத்துச் சூடேற்றுங்கள். வெந்நீரில் போடாதீர்கள்.

வரும்போதே கடுமை என்றாலும், முதல் சுற்றுகளில் தெளியாவிட்டாலும், தாளில் உள்ளபடி பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து அந்த முதல் மணிக்குள்ளேயே போக வேண்டும். அளவு கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி. 2 வயதுக்குள் 20 மி.கி., 5 வயது வரை 30, அதற்கு மேல் 11 வயது வரை 40 தாண்டக்கூடாது. அது வேலை செய்யச் சில மணி நேரம் ஆகும், அதனால்தான் காத்திருக்கக்கூடாது.

நெஞ்சில் சத்தம் நின்றுவிட்டது, ஆனால் குழந்தை துவண்டிருக்கிறது என்றால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். காற்றே உள்ளே போகவில்லை என்று அர்த்தம். உடனே ஆக்சிஜன், உடனே 108. வண்டி வரும்வரை பஃப்பை நிறுத்த வேண்டாம்.

நர்ஸ், ஊட்டி: ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டர் 94 காட்டினாலே பதறுகிறோம். உயரத்தால் குறையுமா?

குறையும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். நல்ல ஆரோக்கியமான குழந்தைக்கே சமவெளியைவிட இரண்டு மூன்று புள்ளி குறைவாகக் காட்டலாம். புதன்கிழமை தடுப்பூசிக்கு வரும் குழந்தைகளில் சளி இல்லாத இருபது பேரின் அளவைக் குறித்து வையுங்கள், உங்கள் ஊர்க் கணக்கு கிடைத்துவிடும். இழுப்போடு வந்த குழந்தைக்கு 92-க்குக் கீழ் என்றால் எந்த ஊரானாலும் கடுமைதான். குளிர்ந்த விரலில் எண் பொய் சொல்லும், தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் போடுங்கள்.

மருந்தாளுநர், குந்தா: மருந்தகத்தில் நான் செய்ய என்ன இருக்கிறது?

நிறைய. குழந்தையைக் கடைசியாகப் பார்க்கிறவர் நீங்கள்தான். இன்ஹேலரைக் கவரில் போட்டுக் கொடுப்பதற்கு முன், "போட்டுக் காட்டுங்கம்மா" என்று கேளுங்கள். நீங்கள் செய்து காட்டுவது பாதி வேலைதான். ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, அலசாமல், துடைக்காமல் காற்றில் காயவிட வேண்டும் என்று சொல்லுங்கள். துணியால் துடைத்தால் நிலைமின்சாரம் ஏறி மருந்து சுவரில் ஒட்டும். அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுக் காயவைக்கிற பழக்கத்தையும் தடுங்கள்.

200 பஃப் உள்ள நீல இன்ஹேலர் (சால்புடமால்) வருடத்தில் மூன்று தீர்ந்தால் ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லை. பதிவேட்டில் அந்தப் பெயருக்குச் சிவப்புக் கோடு போட்டு டாக்டரிடம் அனுப்புங்கள். தண்ணீரில் மிதக்கவிட்டு மருந்து இருக்கிறதா என்று பார்க்கும் வித்தையைக் கைவிடுங்கள், அது தவறாகக் காட்டும்.

எஸ்டேட் ஆஸ்பத்திரி கம்பவுண்டர், வால்பாறை ரோட்டிலிருந்து இங்கு மாறி வந்தவர்: ஸ்பேசர் இல்லையென்றால் பாட்டிலில் ஓட்டை போட்டுச் செய்யலாமா?

செய்யலாம். 500 மி.லி. பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் இறுக்கமாகப் பொருந்தும் அளவு துளை போட்டால் சமாளிக்கலாம். ஆனால் சின்னத் தண்ணீர் பாட்டிலுக்கே தடை உள்ள மாவட்டம் இது! இரண்டு ஸ்பேசரை வாங்கி வைப்பதே சுலபம்.

கிராம சுகாதார செவிலியர், கோத்தகிரி ஹட்டிகள் (படுகர் கிராமங்கள்): "பஃப் பழக்கமாகிவிடும், சிரப் கொடுங்கள்" என்கிறார்கள்.

இதற்கு டாக்டர் ஒன்று, நர்ஸ் ஒன்று, மருந்தகத்தில் ஒன்று சொன்னால் கதை முடிந்தது. எல்லாரும் ஒரே மூன்று வாக்கியம் சொல்லுங்கள்: "சிரப் ரத்தம் முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் நெஞ்சுக்கு வரும், கை நடுங்கும். பஃப் நேரே நெஞ்சுக்குப் போகும், மருந்தும் கொஞ்சம்தான். இது போதையில்லை." தினமும் போடும் ஸ்டீராய்டு பஃப்பால் வளர்ச்சி குறையுமா என்று கேட்டால் மறைக்காதீர்கள்: வளர்ந்த பிறகு சுமார் ஒரு செ.மீ. குறையலாம், மாதாமாதம் இழுப்பில் கிடப்பது அதைவிட மோசம். போட்டபின் வாய் கொப்பளிக்க வேண்டும், மாஸ்க் என்றால் முகமும் துடைக்க வேண்டும்.

வீட்டுக்குப் போனால் மூன்றைப் பாருங்கள்: கதவைச் சாத்திக்கொண்டு மூட்டும் கரிக் கணப்பு, சுவர் மூலையில் கறுத்த பூஞ்சை, வெயிலே காணாத கம்பளி. எஸ்டேட் லைன் வீடுகளில் இந்தி மட்டும் தெரிந்தவர்கள் இருப்பார்கள். அங்கே பேச்சைவிட ஸ்பேசரைக் கையில் கொடுத்துச் செய்யவைப்பதே வழி.

நர்ஸ், பந்தலூர்: பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது ஆக்சிஜன் பத்துமா?

நிறைந்த பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 6 லிட்டர் என்றால் நாலு மணி நேரம் வரும். பாதி சிலிண்டர் என்றால் இரண்டுதான். மே மாத சீசனில் மலைப்பாதை அடைத்துக்கொண்டால் அந்த இரண்டு கரைவது தெரியாது. ஆகவே கிளம்பும் முன் கேஜைப் பார்ப்பவர் யார் என்று இன்றே பெயரெழுதி வையுங்கள். கடைசி பஃப் எத்தனை மணிக்கு, ஸ்டீராய்டு எத்தனை மணிக்கு என்று சீட்டில் எழுதுங்கள். அந்த இன்ஹேலரும் ஸ்பேசரும் குழந்தையோடு வண்டியில் ஏற வேண்டும், சிகிச்சை அறை மேசையில் தங்கிவிடக்கூடாது.