வாழை இலைச் சாப்பாடும் நுரைக்கிற வைனும்: கேட்டவர்களுக்குப் பதில்

போன ஞாயிறு சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வாசல் கொட்டகையில் ஒன்பது பேர் உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டோடு மூன்று பாட்டில் ஸ்பார்க்லிங் வைன் ருசி பார்த்தோம். ஸ்பெயினின் கவா ஒன்று, இத்தாலியின் ப்ரொசெக்கோ ஒன்று, அதே இத்தாலியின் மொஸ்காட்டோ டாஸ்டி ஒன்று. அப்போது எடுத்துப் போட்ட படத்தைப் பார்த்ததும் ஆளாளுக்குக் கேள்வி கேட்டுவிட்டீர்கள். ஹோட்டலில் இருபது வருஷம் வைன் பரிமாறியவன் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கூலிம் தம்பி: அண்ணே, மூன்றும் ஷாம்பெயின்தானே? பேர்தானே வேறே?

இல்லை தம்பி. பிரான்சில் ஷாம்பெயின் என்கிற வட்டாரத்தில் விளைந்த திராட்சையில், அங்கேயே செய்தால்தான் அந்தப் பெயர். நம் தோட்டத்துக் கள்ளை நினைத்துக்கொள், காலையில் இறக்கின கள் நாக்கில் சுர்ரென்று இழுக்கும் இல்லையா, ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வாயுவை விடுகிறது, அதுதான் அந்தச் சுர். கள்ளுப் பானை திறந்திருப்பதால் வாயு போய்விடுகிறது. ஷாம்பெயினில், வைன் ஆகிவிட்ட பிறகு மறுபடி கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் பாட்டிலை மூடிவிடுவார்கள், போக வழியில்லாத வாயு வைனுக்குள்ளேயே கரைந்துவிடும். சாதாரண ஷாம்பெயினே குறைந்தது 15 மாதம் பாட்டிலில் கிடக்க வேண்டும், அதே முறையில் செய்கிற கவாவுக்கு 9 மாதம். அதில் பெரும்பாலான நாள் செத்த ஈஸ்ட்டோடு கிடப்பதால்தான் சுட்ட ரொட்டி வாசம் வருகிறது. ப்ரொசெக்கோவின் இரண்டாவது நொதிப்பு பெரும்பாலும் பெரிய தொட்டியில் சில வாரங்களில் முடிந்துவிடும், அதனால் பேரிக்காய், பூ வாசம் என்று பழத்தின் பக்கமே நிற்கும். மட்டமானது என்று அர்த்தமில்லை, வேறு குணம், அவ்வளவுதான்.

பாகாவிலிருந்து ஒரு தங்கை: லேபிளில் 'எக்ஸ்ட்ரா ட்ரை' பார்த்து வாங்கினேன், இனிப்பாக இருக்கிறதே?

'ட்ரை' என்றால் இனிப்பே இல்லாதது என்று நினைத்துப் பாதிப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். இனிப்பு வேண்டாம் என்றால் 'ப்ரூட்' என்று பார்த்து வாங்கு, லிட்டருக்குச் சர்க்கரை 12 கிராமுக்குள். 'எக்ஸ்ட்ரா ட்ரை' 12 முதல் 17 வரை. 'டெமி செக்' என்றால் 32 முதல் 50, நன்றாகவே இனிக்கும்.

ஈப்போ அக்கா: நம்ம காரத்துக்கு இதெல்லாம் ஒத்துவருமா தம்பி?

அக்கா, இதைப் பேசத்தான் எனக்கு ஆசை. ஞாயிற்றுக்கிழமை இலையில் அப்பளம், பொரித்த நெத்திலி, பொரித்த கெம்போங் மீன், முருங்கைக்கீரைப் பொரியல், ரசம், மட்டன் பெரட்டல், கடைசியில் ரம்புத்தான். பாட்டில்களைப் பழைய பேப்பரில் சுற்றி 1, 2, 3 என்று எழுதிவிட்டேன், எது எதுவென்று எனக்கும் என் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். முதல் வாய்க்கு எல்லாரும் கவாவைப் புளிக்கிறது என்றார்கள். அப்புறம் நெத்திலியை நறுக்கென்று கடித்துவிட்டு ஒரு மடக்குக் குடிக்கச் சொன்னேன். எண்ணெயும் உப்பும் வாயில் இருக்கும்போது அந்தப் புளிப்பு வந்து கழுவிவிட்டதுபோல் ஆகிவிடுகிறது, அடுத்த நெத்திலிக்குக் கை தானாகப் போகிறது. கவாவே வேண்டாம் என்ற மச்சான்தான் கடைசிவரை அந்தப் பாட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மட்டன் பெரட்டல் வந்ததும் கதை மாறியது. மிளகாய்க் காரத்தை ஆல்கஹாலும் வாயுவும் இன்னும் கூட்டிவிடும், கவா நாக்கைக் குத்தியது. அங்கே மொஸ்காட்டோ பொருந்தியது, ஆல்கஹால் 5 சதவீதம்தான், கொஞ்சம் இனிப்பு, காரத்தை அப்படியே தணித்துவிட்டது. ரம்புத்தானோடும் அதே பாட்டில்தான். பாயசத்தோடு மட்டும் வேண்டாம், வைனைவிட இனிப்பு அதிகமான பண்டம் வந்தால் வைன் தண்ணீராகிவிடும்.

ஆட்டுக்கறிதான் முக்கியம் என்றால் லம்புருஸ்கோ தேடிப் பாருங்கள். இத்தாலியின் சிவப்பு நுரை வைன், லேசாக இனிக்கிற வகை கிடைத்தால் நம் கறிக்கு அருமை.

தைப்பிங் தம்பி: திறக்கும்போது கார்க் பறந்து அம்மா பயந்துட்டாங்க, எப்படித் திறக்கணும்?

ஒருமுறை என் நண்பர் கார் பின்பெட்டியில் வெயிலில் கிடந்த பாட்டிலைக் கொண்டுவந்து அப்படியே திறந்தார், கார்க் போய்த் தகரக் கூரையில் அடித்த குழி இன்னும் இருக்கிறது. கண்ணில் பட்டிருந்தால் என்ன ஆவது? ஷாம்பெயின் பாட்டிலுக்குள் கார் டயரைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் அழுத்தம். முதலில் நன்றாகக் குளிர வை, வாளியில் ஐஸும் தண்ணீரும் பாதிப் பாதி, அரை மணி நேரம். வெறும் ஐஸ் போதாது, தண்ணீர் இருந்தால்தான் பாட்டிலைச் சுற்றிக் குளிர் பிடிக்கும். பிறகு கம்பியை ஆறு அரைச் சுற்றுத் தளர்த்து, கட்டைவிரலைக் கார்க் மேலிருந்து எடுக்காதே. பாட்டிலைச் சாய்த்து, கார்க்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாட்டிலைத் திருப்பு. உஸ் என்று ஒரு பெருமூச்சுச் சத்தம் வந்தால் சரியாகத் திறந்தாய். ஊற்றும்போது பீருக்குச் சாய்க்கிற மாதிரி கிளாஸைச் சாய்த்துக்கொள், வாயு வீணாகாது.

பத்தாங் பெர்சுந்தையிலிருந்து ஒரு அண்ணன்: குடியால் அழிந்த தோட்டக் குடும்பங்கள் எத்தனை, அதைத் தெரிந்துகொண்டே இதைச் சொல்லித் தரலாமா?

கேட்டது நியாயம் அண்ணே. என் அப்பாவைச் சம்சு என்கிற மலிவுச் சாராயம்தான் கொண்டுபோனது, சம்பள நாளன்று லயத்து வாசலில் அம்மா காத்திருந்ததை மறக்கவில்லை. அதனால்தான் கணக்கோடு வைக்கிறேன். மூன்று பாட்டில், ஒன்பது பேர், தலைக்குக் கால் லிட்டர், அதையும் மூன்று மணி நேரம் சோற்றோடு. தனியாகக் குடிப்பதில்லை, வெறும் வயிற்றில் குடிப்பதில்லை. 21 வயது ஆகாத பிள்ளைகளுக்கும், வேண்டாம் என்ற இரண்டு அக்காமார்களுக்கும் அதே அழகான கிளாஸில் கரும்புச்சாறு, யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை. வண்டி ஓட்டுகிறவர் ஒரு சொட்டும் தொடக்கூடாது. 2020ல் மலேசியாவில் சட்டத்தை இறுக்கிவிட்டார்கள், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம்தான் எல்லை.

கம்பார் தம்பி: டுரியான் சீசன், சேர்த்துச் சாப்பிடலாமா?

வேண்டாம். பெரியவர்கள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. 2009ல் ஜப்பானின் சுக்குபா பல்கலைக்கழகத்தில், ஆல்கஹாலை உடம்பு முறிக்கத் தேவையான ஒரு என்சைமை டுரியான் சாறு தடுப்பதைச் சோதனைக் குழாயில் பார்த்திருக்கிறார்கள். டுரியானை இன்னொரு நாள் வைத்துக்கொள்.

ஈப்போ அக்கா மறுபடி: மிச்சம் இருந்தால் பாட்டில் வாயில் வெள்ளிக் கரண்டி போட்டு வைக்கலாமாமே?

கரண்டியால் ஒன்றும் ஆகாது அக்கா. இதற்கென்றே கவ்விப் பிடிக்கிற மூடி விற்கிறார்கள், போட்டு ஐஸ் பெட்டியில் வைத்தால் மறுநாள்வரை தாங்கும். எங்களுக்குக் கவாவில் ஒரு கிளாஸ் மிஞ்சியது, சாயங்காலம் மழை பிடித்தபோது நானும் மனைவியும் மிச்ச அப்பளத்தோடு பகிர்ந்து குடித்து முடித்தோம்.