கிங் நூவின் பாட்டு ராக்தானா?

அன்புள்ள சார்,

நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். 'ஜுஜுட்ஸு கைசென்' அனிமேயின் ஷிபுயா பகுதிக்கு வரும் 'ஸ்பெஷல்ஸ்' பாட்டைக் கேட்டுவிட்டு, அதைப் பாடிய கிங் நூ என்ற ஜப்பானிய ராக் குழுவைத் தேடிப் போனேன். அதே முரட்டுத்தனத்தை எதிர்பார்த்து 'ஹகுஜித்ஸு' என்ற பாட்டைப் போட்டால், அது தேவாலயத்தில் பாடுவதுபோல் தொடங்குகிறது. அப்புறம் ஃபங்க் தாளம், நடுவில் கிட்டார் தனி. ஒருவர் உச்சியில் பாடுகிறார், இன்னொருவர் கீழே இருந்து பதில் சொல்கிறார். எனக்குப் பிடித்திருக்கிறது, ஏன் என்றுதான் சொல்லத் தெரியவில்லை. கல்லூரி பேண்டில் கிட்டார் வாசிக்கும் நண்பன், "இது ராக்கே இல்லை, எல்லாருக்கும் பிடிக்கவேண்டும் என்று நாலு பாட்டை ஒட்டி வைத்திருக்கிறார்கள்" என்கிறான். இப்படிக் கலப்பது துணிச்சலா, வியாபாரமா?

எம்., திருச்சி

அன்புள்ள எம்.,

இரண்டும்தான். வியாபாரத்தை முதலில் பேசிவிடலாம், அதில் மர்மம் எதுவும் இல்லை.

ஜப்பானில் பெரிய வெற்றி பெறும் பாட்டுகளில் பல, ஏதாவது ஒரு தொடருக்கோ படத்துக்கோ விளம்பரத்துக்கோ கைகோத்துக்கொண்டு பிறப்பவை. 'ஹகுஜித்ஸு' 2019 தொடக்கத்தில் நிப்பான் டிவி நாடகம் ஒன்றுக்காக வந்தது. செய்யாத குற்றத்துக்குத் தண்டிக்கப்பட்டவர்களுக்காக வாதாடும் வழக்கறிஞரின் கதை. அனிமே என்றால் இன்னும் கறார். தொடக்கப் பாட்டுக்குக் கிடைப்பது சுமார் 90 நொடி. முழுப் பாட்டு நாலு நிமிடம் ஓடலாம், ஆனால் அந்த ஒன்றரை நிமிடத்துக்குள் ஆளைப் பிடித்துவிட வேண்டும். அங்கே பாட்டைப் பிரித்துப் பேசும்போது ஏ மெலோ, பி மெலோ, சாபி என்பார்கள். சாபிதான் கேட்டவர் முணுமுணுத்துக்கொண்டு போகும் இடம். அதற்கு முன்னால் வரும் பி மெலோவில் சூழலைச் சட்டென்று மாற்றிக் காட்டுவது அங்கே பழகிய உத்தி. ஆகவே ஒரே பாட்டுக்குள் மூன்று அறைகள் இருப்பது ஜப்பானியக் காதுக்குப் புதிதில்லை. உங்கள் நண்பர் ஒட்டுவேலை என்று சொல்வதில் பாதி, அந்த ஊர்ப் பாட்டின் சாதாரணக் கட்டுமானம்.

மீதிப் பாதிதான் கிங் நூ.

இந்தக் குழுவில் பாடுகிறவர்கள் இரண்டு பேர், இருவரும் நாகானோ மாகாணத்து இனா ஊர்க்காரர்கள். இகுச்சி சதோரு டோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தில் முறையாக வாய்ப்பாட்டு படித்தவர். த்ஸுனேதா தைகி அதே பல்கலைக்கழகத்தில் செல்லோ படிக்கச் சேர்ந்து, பாதியில் விட்டுவிட்டு வந்தவர். பாட்டுகளை எழுதுவது த்ஸுனேதா. மேடையில் மெகாஃபோனைப் பிடித்துக்கொண்டு கத்துகிறவரும் அவர்தான். இப்படிப்பட்ட இரண்டு பேர் ஒரே பாட்டில் நின்றால், வெளியிலிருந்து எதையும் கொண்டுவந்து கலக்க வேண்டியதே இல்லை.

'ஹகுஜித்ஸு'வின் தொடக்கத்தை இன்னொரு முறை கேளுங்கள். இகுச்சி மட்டும், ஃபால்செட்டோ என்கிற பொய்க்குரலில், பின்னால் கீபோர்டைத் தவிர ஒன்றும் கிடையாது. தெரியாமலேயே யாரையோ காயப்படுத்திவிடுகிறோம் என்று சொல்லும் வரிகள் அவை. தாளம் இல்லாததால் ஒவ்வொரு சொல்லும் அந்தரத்தில் நிற்கிறது. பின்னால் டிரம்ஸ் வந்ததும் அதே வருத்தம் நடக்க ஆரம்பித்துவிடுகிறது. த்ஸுனேதாவின் கீழ்க்குரல் சேரும்போது, பாவமன்னிப்பு கேட்டுக்கொண்டிருந்தவன் பக்கத்தில் கொஞ்சம் அலட்சியமான நண்பன் ஒருவன் வந்து உட்கார்ந்ததுபோல் ஆகிவிடுகிறது. இந்த மாற்றங்களை எடுத்துவிட்டுப் பாட்டு முழுவதையும் தொடக்கத்தின் உருக்கத்திலேயே பாடியிருந்தால், இரண்டாவது நிமிடத்தில் நமக்கே அலுத்திருக்கும். நான்கூட அணைத்திருப்பேன்.

ஒட்டு எங்கே என்று தேடுகிற நண்பரிடம் கிட்டாரை விட்டுவிடச் சொல்லுங்கள். (கிட்டார்காரர்களுக்குக் கிட்டார் மட்டும்தான் கேட்கும், அது ஒரு தொழில் வியாதி.) அராய் கஸுகியின் பாஸையும் செகி யூவின் டிரம்ஸையும் பின்தொடரச் சொல்லுங்கள். மேலே உடை மாறிக்கொண்டே இருக்கும்போது கீழே நடை மாறுவதில்லை. ஆர் அண்ட் பி பாட்டுகளில் வரும் அந்தத் தளர்ந்த, பொடிப்பொடியான தாளம், கிட்டார் தனி வரும்போதும் அடியில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நாலு பாட்டை ஒட்டினால் நாலு நடை இருக்கும். இதில் ஒன்றுதான்.

நீங்கள் முதலில் கேட்ட 'ஸ்பெஷல்ஸ்' 2023இல் வந்தது. உண்மையில் அதுதான் இவர்கள் பாட்டுகளில் கலப்பு குறைந்தது என்பேன். பாஸ் அழுக்காக உறுமுகிறது, குரல்கள் ஊர்ந்து வருகின்றன, 'யூ ஆர் மை ஸ்பெஷல்' என்னும் இடத்தில் மட்டும் கொஞ்சம் தலை தூக்குகிறார்கள். ஹாலோவீன் இரவில் டோக்கியோவின் ஷிபுயா வட்டாரமே சிதையும் கதைக்கு ஒரே இருட்டு போதும் என்று முடிவெடுத்திருக்கிறார்கள். சரியான முடிவு. ஆனாலும் எனக்கு 'ஹகுஜித்ஸு'தான் ஒரு படி மேல்.

இவர்களுக்கு ஒரே வண்ணத்தில் பாட்டெழுதத் தெரியாதா என்ற சந்தேகத்துக்கும் பதில் இருக்கிறது. 2021 டிசம்பரில் 'ஜுஜுட்ஸு கைசென் 0' திரைப்படத்துக்கு ஒரே சிங்கிளில் இரண்டு பாட்டு கொடுத்தார்கள். 'இச்சிஸு' தலைதெறிக்க ஓடுகிறது, 'சகாயுமே' மெல்ல உருகுகிறது. ஒரே கதைக்கு எழுதியவைதான், ஆனால் ஒன்றின் சாயல் மற்றதில் துளியும் இல்லை. வேண்டும்போது பிரித்து வைக்கத் தெரிந்தவர்கள் வேண்டும்போது கலக்கிறார்கள், அவ்வளவுதான்.

"இது ராக்கே இல்லை" என்ற வழக்கு ஜப்பானில் அரை நூற்றாண்டுப் பழசு. 1970ஐ ஒட்டி அங்கே ராக்கை ஜப்பானிய மொழியில் பாடலாமா என்றே சண்டை நடந்தது. ராக் பாடகர் உச்சிதா யூயா போன்றவர்கள் ஆங்கிலத்தில்தான் பாட வேண்டும் என்றார்கள். ஹப்பி எண்டோ குழு ஜப்பானிய மொழியில் பாடி, 1971இல் 'கஸெமாச்சி ரோமன்' தொகுப்பை வெளியிட்டது. இன்று ஜப்பானிய ராக் வரலாற்றை அந்தத் தொகுப்பைத் தவிர்த்து எழுத முடியாது. 1999இல் டிராகன் ஆஷ் குழு ராப்பும் ராக்கும் கலந்து, இசை விற்பனையைக் கணக்கிடும் ஆரிகான் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அந்த வகைக்கு அங்கே மிக்ஸ்ச்சர் ராக் என்றே பெயர். கிங் நூ தங்கள் இசைக்கு வைத்திருக்கும் பெயரும் 'டோக்கியோ நியூ மிக்ஸ்ச்சர் ஸ்டைல்'. ஒளிவுமறைவு ஒன்றும் இல்லை. நூ என்பது கூட்டம் சேர்த்துக்கொண்டே போகும் ஆப்பிரிக்க விலங்கு, அதற்காகத்தான் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள்.

எனக்குப் புகாரே இல்லை என்று நினைக்க வேண்டாம். 2023 நவம்பரில் வந்த 'தி கிரேட்டஸ்ட் அன்னோன்' தொகுப்பில் 21 தடங்கள். ஏற்கெனவே சிங்கிளாகக் கேட்டுப் பழகிய பலவற்றுக்கு நடுவில் குட்டி இசைத் துணுக்குகளை வைத்துக் கோத்திருக்கிறார்கள். அந்தச் சிங்கிள்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு தொடருக்காகவோ படத்துக்காகவோ முதல் வரிசையில் நிற்கவென்று எழுதப்பட்டவை. ஒரே மூச்சில் கேட்டால் எல்லாரும் ஒரே நேரத்தில் உரக்கப் பேசுகிறார்கள். அங்கே உங்கள் நண்பரின் ஒட்டுவேலைக் குற்றச்சாட்டை நான் பாதி ஒப்புக்கொள்வேன். இந்தக் குழுவின் கலப்பு ஒரு பாட்டின் அளவில் நன்றாக நிற்கிறது, ஒரு மணி நேர அளவில் திணறுகிறது.

இதற்குப் பிறகும் நண்பர் மசியவில்லை என்றால் 'டீனேஜர் ஃபாரெவர்' போட்டுக் காட்டுங்கள். 'ஹகுஜித்ஸு' இருக்கும் அதே 2020 'செரிமனி' தொகுப்பில்தான் இருக்கிறது. நேர்க்கோட்டில் ஓடுகிற ராக், அவர் பேண்டிலேயே வாசித்துப் பார்க்கலாம். நீங்கள் 'சகாயுமே'வைக் கேட்டுவிட்டு எழுதுங்கள். இகுச்சியின் குரல் உங்களுக்கு ஏன் பிடிக்கிறது என்று அதில் பிடிபடலாம்.

அன்புடன்