காதுக்கு ஆகாத சொற்கள்: கேள்வி பதில்

மதுரைப் பக்கத்துப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் தமிழ் நடத்தியவள் நான். 'இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு ஆகாது' என்று யார் சொன்னாலும் நோட்டில் எழுதி வைப்பேன். அப்படி ஒன்பது நோட்டு சேர்ந்திருக்கிறது. கெட்ட வார்த்தைகளைப் பற்றிக் கேட்க வேண்டாம். அவை பிடிக்காமல் போவதில் புதிர் ஒன்றும் இல்லை. ஊரே சாதாரணமாகச் சொல்லும் சொல் ஒருவரை மட்டும் ஏன் குத்துகிறது என்று கேளுங்கள். இன்னொன்று: ஓசை ஒத்துப்போகிறது என்பதற்காக ஒரு சொல்லுக்குப் பிறப்புக் கதை கட்டாதீர்கள். முதலில் அகராதியைப் பாருங்கள்.

சோழவந்தான்: 'கொழகொழ' என்று யாராவது சொன்னால் உடம்பெல்லாம் கூசுகிறது டீச்சர். 'சளி'யும் அப்படித்தான். ஓசைதான் காரணமா?

எல்லோரும் முதலில் ஓசையைத்தான் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் 'மாய்ஸ்ட்' என்று ஒரு சொல் உண்டு. ஈரப்பதமானது என்று பொருள். கேக் பதமாக வந்திருந்தால் அப்படித்தான் பாராட்டுவார்கள். ஆனால் அதைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் அங்கே நிறைய. அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியைச் சேர்ந்த உளவியலாளர் பால் திபோடோ ஐந்து சோதனைகள் நடத்தி, 2016-ல் முடிவுகளை வெளியிட்டார். 100 பேரில் 10 முதல் 20 பேருக்கு அந்தச் சொல் ஆகவில்லை. கேட்டால் ஓசையைத்தான் குற்றம் சொன்னார்கள். ஆனால் அதே ஓசையில் முடியும் 'ஹாய்ஸ்ட்', 'ஃபாய்ஸ்ட்' அவர்களை ஒன்றும் செய்யவில்லை. உடம்பிலிருந்து வழிவது, ஒழுகுவது என்றால் அருவருப்பு அதிகம் உள்ளவர்களைத்தான் அந்தச் சொல் படுத்தியது.

நம் சொற்களில் நீங்களே சோதித்துப் பாருங்கள். சளி கூசுகிறது. துளி, கிளி, உளி? ஒன்றும் இல்லை. பீளை கூசுகிறது, வேளை கூசவில்லை. சீழில் இருக்கிற அதே ழகரத்தைத்தான் யாழிலும் தமிழிலும் வைத்துக் கொண்டாடுகிறோம். உங்கள் 'கொழகொழ'வையே எடுத்துக்கொள்ளுங்கள். 'குழந்தை கொழுகொழு என்று இருக்கிறது' என்றால் கை நீட்டித் தூக்கிக்கொள்கிறோம். நடுவில் ஓர் உகரம்தான் வித்தியாசம்.

ஓசைக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். பிசுபிசு, சொதசொத, நசநச போன்ற இரட்டைக்கிளவிகள் பொருளை விளக்குவதில்லை, நடித்தே காட்டிவிடுகின்றன. சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பிசுக்கு விரலில் ஒட்டிவிடுகிறது. ஆனால் ஒட்டுவது பிசுக்குதான், எழுத்து இல்லை.

சோழவந்தான் (மறுபடியும்): என் தம்பி தெரிந்தே அந்தச் சொல்லைச் சொல்லிச் சீண்டுகிறான்.

தம்பியிடம் இதைக் காட்டுங்கள். ஒருவருக்கு ஆகாத சொல்லைத் தெரிந்துகொண்டு வேண்டுமென்றே காதில் போடுவது விளையாட்டு இல்லை. வகுப்பில் இதைச் செய்த பிள்ளைகளை நான் ஒருமுறைகூட விட்டதில்லை.

செல்லூர்: வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போறேன்' என்றால் அம்மா அடிக்க வருகிறார். இது மூடநம்பிக்கை இல்லையா?

மூடநம்பிக்கை என்று தள்ளுவதற்கு முன்னால் நன்னூலைப் புரட்டுங்கள். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று மூன்று தகுதி வழக்குகளைச் சொல்கிறார் பவணந்தி. உங்கள் அம்மாவுடையது நடுவில் உள்ள மங்கலம், அதாவது கெட்டதை நல்ல சொல்லால் சொல்வது. செத்தார் என்னாமல் துஞ்சினார் என்பது, சுடுகாட்டை நன்காடு என்பது, விளக்கை அணைக்காமல் குளிரவைப்பது எல்லாம் இந்தக் கணக்குதான். படமெடுத்து நிற்கும் விஷப் பாம்புக்கு 'நல்ல பாம்பு' என்று பெயர் வைத்த ஊர் இது. 'வாரேன்ம்மா' என்று சொல்லிவிட்டுப் போங்கள். அவர் கேட்பது திரும்பி வருவேன் என்ற வாக்கை.

மாட்டுத்தாவணி: பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறேன். காலையில் முதல் ஆளிடம் 'இல்லை' என்று சொல்லக்கூடாது என்பார் அப்பா. மகன் சிரிக்கிறான். மற்ற தொழில்களிலும் இப்படி உண்டா?

நிறைய உண்டு. நெல் அளக்கும்போது முதல் மரக்காலுக்கு 'ஒன்று' என்று சொல்ல மாட்டார்கள், 'லாபம்' என்பார்கள். அதற்கு அப்புறம்தான் இரண்டு, மூன்று. அரிசிப் பானை காலியானால் 'அரிசி நிறைஞ்சிருக்கு' என்பார்கள் எங்கள் வீட்டுப் பெரியவர்கள். விளக்கு வைத்த பிறகு உப்பைப் பெயர் சொல்லிக் கேட்க மாட்டார்கள். உங்கள் கடையில் மல்லி தீர்ந்துவிட்டால் 'இனிமேல்தான் வரணும்' என்று சொல்லலாம். வாங்க வந்தவருக்கும் முகத்தில் அடித்தமாதிரி இருக்காது. மகனுக்கு அதை வியாபாரமாகச் சொல்லிக்கொடுங்கள், புரிந்துகொள்வான்.

அண்ணா நகர்: எனக்கு 33 வயது. காய்கறிக் கடைக்காரர் 'ஆண்ட்டி' என்கிறார். பற்றிக்கொண்டு வருகிறது.

'அக்கான்னே கூப்பிடுங்க' என்று நேராகச் சொல்லிவிடுங்கள். மதுரையில் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளும் கடைக்காரர் கிடையாது.

திருமங்கலம்: கல்யாணமாகி நான்கு வருடம். 'விசேஷம் ஏதும் உண்டா?' என்று கேட்காத ஆள் இல்லை. அந்தச் சொல்லே விஷம்போல் ஆகிவிட்டது. பத்திரிகையில் பார்த்தால்கூட ஒரு நொடி நெஞ்சு அடைக்கிறது. எனக்கு மட்டும்தான் இப்படியா?

உங்களுக்கு மட்டும் இல்லையம்மா. என் ஒன்பது நோட்டிலும் அதிகம் தடவை வந்திருக்கும் சொல் இதுதான். எழுதியவர்களில் நானும் ஒருத்தி. கல்யாணமாகி ஆறு வருடம் எனக்குக் குழந்தை இல்லை. சொந்தத்தில் ஒரு கிரகப்பிரவேசம். பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன். பரிமாற வந்த உறவுக்காரம்மா சாம்பார் வாளியைப் பிடித்துக்கொண்டே, வரிசை முழுக்கக் கேட்கும்படி, 'இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா?' என்றார். இலையை மூடிவிட்டு எழுந்தேன். அதற்கப்புறம் இரண்டு வருடம் எந்த நல்லது கெட்டதுக்கும் நான் போகவில்லை.

இந்தச் சொல்லிடம் குற்றம் தேடினால் கிடைக்காது. 'விசேஷம்' என்றால் தனிச்சிறப்பு, அவ்வளவுதான். விசேஷ வீடு என்றால் வாழைமரமும் மைக்செட்டும் நினைவுக்கு வருகின்றன. கர்ப்பம் என்று வெளிப்படையாகச் சொல்லக் கூச்சப்பட்டு, நல்ல சொல்லாகப் பார்த்து எடுத்து மேலே போர்த்தினார்கள். செல்லூர் அம்மா செய்கிற அதே மங்கலம்தான் இதுவும். அதனால்தான் கேட்பவருக்குத் தான் குத்துவது தெரிவதே இல்லை. நல்ல சொல்லைத்தானே சொன்னேன் என்று நினைத்துக்கொள்கிறார். ஒரு சொல் அதன் அகராதிப் பொருளோடு மட்டும் நம் காதுக்குள் வருவதில்லை. யார் கேட்டார், எத்தனையாவது தடவை, யாரை வைத்துக்கொண்டு, எல்லாமும் சேர்ந்து வருகிறது. இருநூறாவது தடவை வரும்போது அது வேறு சொல்.

என்ன செய்வது? அடுத்த முறை 'அத்தை, அந்தக் கேள்வியை மட்டும் விட்டுடுங்க' என்று சொல்லிப் பாருங்கள். நான் சொல்லாமல் எழுந்து போனேன், அதனால் அந்த அம்மாவுக்குக் கடைசிவரை தெரியவே இல்லை. மாமியார் வீட்டுப் பக்கம் என்றால் உங்கள் கணவர் சொல்லட்டும். அது அவர் பொறுப்பு. இதைப் படிக்கிற மற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள்: சேதி இருந்தால் அவர்களே சொல்வார்கள். கேட்காதீர்கள்.

மேலூர்: பக்கத்தில் யாராவது மென்று சாப்பிட்டால் அந்தச் சத்தத்தில் கோபம் தலைக்கு ஏறுகிறது.

அது சத்தம் ஆகாத தொந்தரவு, மிசோஃபோனியா என்பார்கள். என் துறை இல்லை. காது மூக்கு தொண்டை டாக்டரிடமோ மனநல டாக்டரிடமோ கேளுங்கள்.

கே. புதூர்: 'அங்கிள்' என்று கூப்பிட்டால் எனக்குப் பிடிக்கவில்லை.

அண்ணா நகருக்குச் சொன்னதேதான். 'அக்கா' இருக்கும் இடத்தில் 'அண்ணே' போட்டுக்கொள்ளுங்கள்.

திருப்பரங்குன்றம்: என் அப்பத்தா என் ஏழு வயது மகளைச் செல்லமாக 'ஏ மூதேவி' என்கிறார். எனக்கு அடிவயிறு கலங்குகிறது. அவரோ 'பாசத்துல சொல்றதுதாண்டி' என்கிறார்.

சிம்மக்கல்: நான் குறுக்கிடலாமா? எங்கள் அம்மாச்சியும் அப்படித்தான் கூப்பிடுவார். கண்ணு படாமல் இருக்க நல்ல பிள்ளையைக் கெட்ட பெயரால் கூப்பிடுவது வழக்கம். இதைப் பெரிதாக்க வேண்டாம்.

அவனியாபுரம்: பெரிதாக்க வேண்டாம் என்று சொல்வது சுலபம். பத்தாவது படிக்கும்வரை எனக்கு வீட்டில் அதுதான் பெயர். அக்காவை 'மகாலட்சுமி' என்பார்கள், என்னை இப்படி. இன்றைக்கு எனக்கு 46 வயது. இப்போதும் யாராவது யாரையோ அப்படித் திட்டினால் நான்தான் திரும்பிப் பார்க்கிறேன்.

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ஆனால் திருப்பரங்குன்றத்துக்காரர் தன் மலையடிவாரத்திலேயே இருப்பதை முதலில் தெரிந்துகொள்ளட்டும். அங்குள்ள பாண்டியர் குடைவரைக் கோயிலின் கல்வெட்டு கி.பி. 773-ஐச் சேர்ந்தது. சாத்தன் கணபதி என்ற பாண்டிய அதிகாரியின் மனைவி நக்கன் கொற்றி, துர்க்கைக்கும் ஜ்யேஷ்டைக்கும் கோயில் எடுத்தாள் என்று அதில் இருக்கிறது. ஜ்யேஷ்டைதான் மூத்த தேவி, மூதேவி. பணமும் ஆளும் உள்ள வீட்டுப் பெண் விரும்பிக் கோயில் எடுத்து வணங்கிய தெய்வம் அவள். குறளிலேயே அவளுக்கு நல்ல பெயர் இல்லை. பொறாமைக்காரனை லட்சுமி 'தவ்வையைக் காட்டி', அதாவது அக்கா மூதேவியைக் காட்டி, ஒதுக்கிவிடுவாள் என்கிறது 167-ஆம் குறள். ஆனாலும் வணக்கம் நின்றபாடில்லை. ஜ்யேஷ்டை தமிழில் 'சேட்டை' ஆனாள். 'சேட்டைதன் மடியகத்துச் செல்வம் பார்த்திருக்கின்றீரே' என்று தொண்டரடிப்பொடியாழ்வார் கடிந்து பாட வேண்டியிருந்தது என்றால், செல்வம் கேட்டு அவளிடம் போனவர்கள் அத்தனை பேர் இருந்திருக்கிறார்கள். வழிபாடு பின்னால் மங்கியது, பெயர் மட்டும் வசவாகத் தங்கிவிட்டது.

சிம்மக்கல்: அப்படியானால் தெய்வத்தின் பெயர்தானே? குழந்தையைக் கூப்பிட்டால் என்ன தப்பு?

வரலாறு தெரிந்ததால் வலி போய்விடாது ஐயா. ஏழு வயதுப் பிள்ளைக்குக் கல்வெட்டு தெரியாது. அது தன்னைச் சுற்றி இருப்பவர்கள் அந்தச் சொல்லை எப்போது எடுக்கிறார்கள் என்றுதான் பார்க்கும். பால் கொட்டும்போது, துணி காயாதபோது, தூங்கி வழியும்போது. அந்தப் பட்டியலில் தன்னையும் சேர்த்துக்கொள்ளும். கண்ணு படக்கூடாது என்றால் கன்னத்தில் மை வைக்கலாம். அவனியாபுரத்து அம்மாவுக்கு வலித்ததில் பாதி அந்தச் சொல்லில் இருந்தது, மீதிப் பாதி அக்காவுக்குக் கிடைத்த பெயரில்.

உசிலம்பட்டி: அப்போது 'சேட்டை பண்ணுற பிள்ளை' என்பதும் இந்த ஜ்யேஷ்டையிலிருந்து வந்ததுதானே?

இல்லை. இதைத்தான் ஆரம்பத்திலேயே சொன்னேன். அந்தச் சேட்டை 'சேஷ்டை' என்ற வேறு சொல்லிலிருந்து வந்தது. செயல், அசைவு என்று பொருள். ஒரே உருவத்தில் வந்து நின்ற இரண்டு சொற்கள், அவ்வளவுதான். அகராதியைப் பாருங்கள்.

திருப்பரங்குன்றம்: அப்பத்தாவுக்கு 81 வயது. எப்படிச் சொல்வது?

சண்டையாகச் சொல்லாதீர்கள். அந்தச் சொல் அவர் வாயில் 70 வருடம் இருந்திருக்கிறது. 'அப்பத்தா, அவளைத் தங்கம்னு கூப்பிடுங்க, அவ கேட்டுக்கிட்டே இருக்கா' என்று மகளை மடியில் உட்காரவைத்துக்கொண்டு சொல்லுங்கள்.

ஆரப்பாளையம்: ஆண்ட்டி என்று கூப்பிடுவது பற்றி...

மேலே இரண்டு முறை எழுதிவிட்டேன்.

வில்லாபுரம்: 'கக்கூஸ்' என்றால் ஏன் எல்லோரும் முகம் சுளிக்கிறார்கள்? டாய்லெட் என்றால் சுளிப்பதில்லையே?

கக்கூஸ் டச்சுக்காரர்களிடமிருந்து வந்த சொல். கொல்லைக்குப் போனவர்கள் கக்கூஸுக்குப் போனார்கள், அப்புறம் லெட்ரின், பாத்ரூம், டாய்லெட், இப்போது ரெஸ்ட்ரூம். ஒவ்வொன்றும் கொஞ்ச நாளில் அந்த இடத்தின் வாடையை ஏற்றுக்கொள்கிறது. 'நாற்றம்' என்பதே ஒருகாலத்தில் நறுமணம்தான். 'கருப்பூரம் நாறுமோ, கமலப்பூ நாறுமோ' என்று ஆண்டாள் கேட்டாள். இன்றைக்குப் பூக்காரம்மாவிடம் 'பூ நாறுது' என்று சொல்ல முடியுமா?

தல்லாகுளம்: என்னோடு வேலை பார்க்கும் சென்னைக்காரருக்கு நான் 'வந்தாய்ங்க, போனாய்ங்க' என்றால் எரிச்சல் வருகிறதாம். மாற்றிக்கொள்ளவா?

வேண்டாம். மரியாதைக்கு உரியவர் 'வந்தாங்க', நம் பயல்கள் 'வந்தாய்ங்க' என்று இரண்டையும் பிரித்துச் சொல்லும் வசதி நம் பேச்சில் இருக்கிறது. அதை ஏன் விட வேண்டும்? ஒரு சொல் ஆகவில்லை என்றால் நான் மதிக்கிறேன். ஓர் ஊர்ப் பேச்சே ஆகவில்லை என்றால் அது வேறு வியாதி.

வாடிப்பட்டி: இரண்டு வருடத்துக்கு முன்னால் ராத்திரி போனில் 'ஒரு விஷயம்' என்று ஆரம்பித்துத்தான் அப்பா விபத்தில் இறந்த செய்தியைச் சொன்னார்கள். இப்போது தம்பி எதற்காகவாவது 'ஒரு விஷயம்ண்ணே' என்றாலும் கை நடுங்குகிறது. சின்னச் சொல், அதை எப்படித் தவிர்க்கச் சொல்வது?

சின்னச் சொல் என்று நீங்களே அதைக் குறைத்துப் பேச வேண்டாம். கடிதக் காலத்தில் நல்ல செய்தி என்றால் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும். கெட்டது என்றால் ஓரத்தில் கறுப்பு இருக்கும், படித்ததும் கிழித்துப்போடுவார்கள். எழுத்துக்குள் போவதற்கு முன்பே மனது தயாராகிவிடும். போனில் அந்த மஞ்சள் இல்லை. 'ஒரு விஷயம்' என்பதற்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் நீங்கள் தனியாக நிற்கிறீர்கள்.

தம்பியிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். போனை எடுத்ததும் 'எல்லாரும் நல்லா இருக்கோம்ண்ணே' என்பதை முதலில் வைக்கட்டும், மற்றதெல்லாம் அப்புறம். இன்றைக்கு ராத்திரி நீங்களே அவரைக் கூப்பிட்டு, அப்படியே ஆரம்பியுங்கள்.