கையில் கொஞ்சம் காசோடு கீ கால்கர் தீவுக்கு: கேள்வி பதில்

மத்திய அமெரிக்காவில் இருக்கும் பெலீஸ் நாட்டின் கீ கால்கர் தீவைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கடல், படகு, சாப்பாடு, செலவு பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள்.

கோவை: அக்கா, தீவுக்குப் போக மலிவான வழி எது?

பெலீஸ் சிட்டியிலிருந்து பயணிகள் படகு. முக்கால் மணி நேரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். சிறு விமானமும் உண்டு, ஆனால் அந்தக் காசில் இரண்டு நாள் தங்கிச் சாப்பிடலாம். இருட்டிய பிறகு படகு கிடையாது. விமானம் மாலையில் தரையிறங்கினால் அன்றிரவு நகரத்தில் தங்கும் செலவு உங்கள் தலையில் விழும். அதனால் டிக்கெட் போடும்போதே மதியத்துக்குள் இறங்கும் விமானமாகப் பாருங்கள்.

தீவில் போக்குவரத்துச் செலவு என்று எதுவும் இல்லை. கார் ஓடாது, சைக்கிளும் கோல்ஃப் வண்டியும்தான். ஊர் இருக்கும் பகுதியை நடந்தே முடித்துவிடலாம்.

சென்னை: விலையெல்லாம் எந்த டாலர்?

இரண்டு பெலீஸ் டாலருக்கு ஒரு அமெரிக்க டாலர். நிலையான மாற்று விகிதம், மாறாது. தீவில் இரண்டையும் வாங்குவார்கள். அதனால்தான் சொல்கிறேன்: அறையோ, படகோ, பொரித்த மீனோ, எதற்கும் சரி என்று தலையாட்டும் முன் "எந்த டாலர்?" என்று கேளுங்கள். கேட்காவிட்டால் நினைத்ததைப் போல இரண்டு மடங்கு கொடுக்க நேரும்.

மதுரை: கடற்கரை எப்படி? வெண்மணலில் படுத்துக் கிடக்கலாமா?

அந்த ஆசையோடு போகாதீர்கள். நீண்ட மணற்கரை இங்கே இல்லை. அலையை வெளியே பவளப்பாறையே தடுத்துவிடுகிறது. கரையோரம் கடற்புல்லும் ஆழமில்லாத தண்ணீரும்தான். சில மாதங்களில் கிழக்குக் கரையில் சர்காசம் பாசி ஒதுங்கி நாறும். ஊரார் குளிப்பது தீவை இரண்டாகப் பிளக்கும் 'ஸ்பிளிட்' கால்வாயில். 1961இல் ஹாட்டி புயல் அறுத்துவிட்ட இடம் அது. பிறகு படகு போக ஊராரே வெட்டி ஆழப்படுத்தினார்கள். நீரோட்டம் வேகமாக இருக்கும், படகுகளும் அதன் வழியாகவே போகும். மேடையை ஒட்டியே நீந்துங்கள், அக்கரைக்கு நீந்திப் போகாதீர்கள்.

திருச்சி: ஒரே ஒரு கடல் பயணத்துக்குத்தான் காசு இருக்கிறது. எதற்குப் போகலாம்?

ஹோல் சான். யோசிக்கவே வேண்டாம். 1987இல் பாதுகாப்பு அறிவித்த பகுதி. பவளப்பாறையில் இயற்கையாக விழுந்த ஒரு வாய்க்கால். கடல் ஏறி இறங்கும்போது உணவு அந்த வழியாகத்தான் ஓடும். மீன்கள் அங்கே குவிவது அதனால்தான். இரண்டு பக்கமும் பாறைச் சுவர், நடுவில் நீங்கள், கீழே களவா அசையாமல் நின்று உங்களையே பார்க்கும். பக்கத்தில் கடற்புல் மேயும் ஆமைகள். அடுத்து நர்ஸ் சுறாவும் திருக்கையும் கூடும் இடம். அந்தக் காலத்தில் மீனவர்கள் அங்கே மீன் அறுத்துக் கழிவைக் கொட்டினார்கள், சுறாக்கள் படகுச் சத்தத்துக்குப் பழகிவிட்டன. தொடாதீர்கள், தொடச் சொல்லும் வழிகாட்டியோடு போகாதீர்கள்.

வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அதற்கும் காசு பற்றாதென்றால் தீவை ஒட்டியே கீ கால்கர் கடல் காப்பகம் இருக்கிறது. அரை நாள் பயணம், செலவு குறைவு. முழுக்கைச் சட்டையோடு இறங்குங்கள். முதுகு வெந்துபோனால் மீதி நாளெல்லாம் அறையில்தான்.

ஈரோடு: ப்ளூ ஹோல்?

கடலுக்கு நடுவே வட்டமாக இறங்கும் ஆழக் குழி அது. மேலிருந்து பார்த்தால்தான் அந்த வட்டம் தெரியும். ஆழத்தில் மூழ்கத் தெரியாதவர்கள் காசை மிச்சம் பிடியுங்கள்.

நாகப்பட்டினம்: மே மாதம் போகிறேன். சிங்கி இறால் (லாப்ஸ்டர்) அங்கே கொள்ளை மலிவாமே?

மே மாதத்தில் கிடையாது. மார்ச் 1 முதல் ஜூன் 30 வரை சிங்கி இறாலுக்குத் தடைக்காலம். யாராவது தட்டில் வைத்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

டொரொன்டோ: நான் ஏப்ரலில் சாப்பிட்டேனே! பழைய சரக்காக இருக்கலாம். சுற்றுலாப் பயணி ஒரு தட்டு சாப்பிட்டால் கடல் வற்றிவிடுமா?

உங்களைப் போல அதே வாரம் அதே தெருவில் எத்தனை பேர் அதே தட்டைக் கேட்கிறார்கள் என்று பாருங்கள். அந்த மாதங்களில் பெண் இறால் வாலுக்கடியில் முட்டையைக் கொத்தாகச் சுமந்து திரிகிறது. ஒன்றைப் பிடித்தால் அந்த முட்டையெல்லாம் போயிற்று. இந்தத் தீவு சுற்றுலாவுக்கு முன்பு இறாலில்தான் பிழைத்தது. இறாலை நல்ல விலைக்கு ஏற்றுமதி செய்ய மீனவர்களே 1960இல் கூட்டுறவுச் சங்கம் கட்டினார்கள். இன்றும் காற்றுக் குடுவை கட்டிக்கொண்டு இறங்கிப் பிடிக்கச் சட்டம் இடம் தராது. மூச்சைப் பிடித்து முங்கி, கொக்கிக் கம்பால் பாறை இடுக்கிலிருந்து இழுக்க வேண்டும், அல்லது மரக்கூண்டு போட வேண்டும். சிறிசாக இருந்தால் விட்டுவிட வேண்டும். இத்தனை கட்டுப்பாட்டுக்கு நடுவில் நாலு மாதம் வருமானத்தை விட்டுக்கொடுத்து ஒதுங்கியிருக்கும் மீனவனுக்கு, திருட்டுத்தனமாகப் பிடிப்பவனிடம் நாம் வாங்கித் தின்பது துரோகம்.

நாகப்பட்டினம்: நம் பக்கம் 61 நாள் விசைப்படகே போகக்கூடாது. அங்கே நாலு மாதம் மீனே கிடையாதா?

நல்ல கேள்வி தம்பி. அங்கே தடை அந்தந்த உயிருக்குத்தான், படகுக்கு இல்லை. சிங்கி இறாலுக்கு ஒரு காலம், சங்குக்கு ஒரு காலம், நசாவு களவாவுக்கு டிசம்பர் முதல் மார்ச் வரை. மே மாதத்தில் சங்கரா மீனைக் கரி அடுப்பில் சுட்டுத் தருவார்கள். விலையும் குறைவு. அதைச் சாப்பிடுங்கள்.

சேலம்: சைவத்துக்கு?

ஃப்ரை ஜேக் என்று பொரித்த மாவு, பூரிக்கு உறவு. உள்ளே பீன்ஸும் சீஸும் வைத்துத் தருவார்கள். காலை முழுக்கத் தாங்கும். சோறும் பீன்ஸும் சைவம் என்று நம்பிவிடாதீர்கள். பீன்ஸில் பன்றி வால் போட்டுச் சமைப்பது வழக்கம். அடுக்களையில் கேட்டுவிட்டு உட்காருங்கள்.

வேலூர்: இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா?

நான் கடலைப் பற்றித்தான் சொல்ல முடியும். பெலீஸ் குடிவரவுத் துறையிடம் கேளுங்கள்.

தஞ்சாவூர்: அறை வாடகை டாலர் என்றார்கள். அமெரிக்க டாலர்தானே?

மேலே சென்னைக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். எந்த டாலர் என்று அவர்களையே கேளுங்கள்.

யாழ்ப்பாணம்: நான் நல்லா நீந்துவேன். ஸ்பிளிட்டைக் கடக்கலாம்தானே?

வேண்டாம். ஓட்டுபவருக்கு உங்கள் தலை தெரியாது. அக்கரைக்குப் படகு விடுகிறார்கள், அதில் போங்கள்.

டொரொன்டோ: சரி. ஜூன் கடைசி வாரம் போனால் இறால் கிடைக்குமா?

கிடைக்காது. பயணத்தை ஒரு வாரம் தள்ளுங்கள். ஜூலை 1 அன்று படகுகள் கிளம்பும், அந்த மாதமே தீவில் இறால் திருவிழா. அப்போது வயிறு நிறையச் சாப்பிடுங்கள். கூட்டம் நெரியும், அறையை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள்.