பதில்: பக்கத்து வீட்டுக்காரருக்கு 350 டாலர் வந்தது, எனக்கு ஏன் வரவில்லை?

நியூசிலாந்தின் ஆக்லாந்தில், சாண்ட்ரிங்ஹாம் பகுதியில் வாடகைக்கு இருக்கும் உங்களுக்கு இந்தப் பணம் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கும் உங்கள் கரண்ட் கம்பெனிக்கும் சம்பந்தம் இல்லைங்க. ஆக்லாந்தில் மின்கம்பிகளை வைத்திருக்கும் வெக்டர் நிறுவனத்தின் 75.1 சதவீதப் பங்கு என்ட்ரஸ்ட் என்ற அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. அந்த அறக்கட்டளை 1993-ல் தொடங்கியது. பங்கில் வரும் லாபத்தை அதுதான் பயனாளிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது, அந்த 350 டாலர் அதுதான். அதன் எல்லைக்குள் மின் கணக்கு வைத்திருப்பவர்கள்தான் பயனாளிகள். சொந்த வீடா வாடகையா என்று பார்ப்பதில்லை.

சாண்ட்ரிங்ஹாம் எல்லைக்குள்தான் வருகிறது. ஆனால் வாடகையோடு கரண்டும் சேர்த்து என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் சிக்கல். பில்லை எடுத்துப் பாருங்கள். அதில் வீட்டு ஓனர் பெயர் இருந்தால் பணம் அவருக்குத்தான் போகும். கேட்டுப் பாருங்கள், நல்ல மனிதராக இருந்தால் வாடகையில் கழிப்பார். கட்டாயம் ஒன்றும் கிடையாது.

பில் உங்கள் பெயரிலேயே இருக்கிறதா? அப்படியானால் அவர்கள் கணக்கெடுக்கும் தேதியன்று உங்கள் பெயர் பதிவாகியிருந்ததா என்று என்ட்ரஸ்டிடமே கேளுங்கள். கரண்ட் கம்பெனிக்குப் போன் போட்டுக் காத்திருப்பது வீண். பணம் பொதுவாகச் செப்டம்பரில் வரும்.

அப்புறம், வீடு மாறும் யோசனை இருந்தால் ஒன்று: ஆக்லாந்தின் நார்த் ஷோர் பகுதியிலும் வெக்டர் கம்பிதான், ஆனால் அது என்ட்ரஸ்ட் எல்லைக்கு வெளியே. கணக்கு உங்கள் பெயருக்கு வந்துவிட்டால், மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஐந்து அறங்காவலர்களைத் தேர்ந்தெடுக்க ஓட்டும் உண்டு. ஓட்டுச்சீட்டு வரும் உறையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.