சாம்பிள்களை மட்டும் வைத்து ஒரு ஹிப்-ஹாப் ஆல்பம் செய்வது எப்படி?

அமெரிக்க இசைத் தயாரிப்பாளர் டிஜே ஷேடோவின் ‘எண்ட்ரொடியூசிங்’ ஆல்பம் முழுக்க சாம்பிள்தானா (அதாவது, பிறரின் ஒலிப்பதிவுகளிலிருந்து எடுத்த துண்டுகள்தானா), லேப்டாப்பில் அப்படிச் செய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் ஆம்.

1996-இல் வந்த அந்த ஆல்பம் கிட்டத்தட்ட முழுவதும் பழைய ரெக்கார்டுகளிலிருந்து எடுத்த துண்டுகளால் ஆனது. முக்கியக் கருவிகள் மூன்றே: டர்ன்டேபிள், ஒலித் துண்டுகளைப் பதிந்து வாசிக்க உதவும் அக்காய் எம்பிசி60 சாம்ப்ளர், ஏடாட் டேப் ரெக்கார்டர். எம்பிசி60-இல் சுமார் 13 வினாடி ஒலிதான் கொள்ளும். மெமரியைக் கூட்டினால் 26. நீளமாக எடுத்து ஓடவிட இடமில்லை. சின்னச் சின்னதாக நறுக்கி, சாம்ப்ளரின் பேடில் (தட்டும் பொத்தான்களில்) விரலால் தட்டித்தான் வாசித்தாக வேண்டும். ஆல்பத்தின் உயிரே அந்த நெருக்கடியில் இருக்கிறது. ‘ஆர்கன் டோனர்’ ட்ராக்கையும், அதற்கு மூலமான ஜார்ஜியோ மொரோடரின் ‘டியர்ஸ்’ பாடலையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், புரிந்துவிடும். அதனால் நீங்களும் ஒரு ட்ராக்குக்கு மொத்தம் 26 வினாடி என்று கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ட்ரம்ஸ். மற்ற வாத்தியங்கள் ஓய்ந்து ட்ரம்ஸ் மட்டும் ஒலிக்கும் இடத்துக்குப் பெயர் பிரேக். அதில் இரண்டு பார் (தாளச் சுற்று) எடுத்து கிக், ஸ்னேர், ஹைஹாட் என ஒவ்வொரு ட்ரம் அடியையும் தனித்தனியாக வெட்டுங்கள். அடி விழும் புள்ளியிலேயே வெட்டு தொடங்க வேண்டும். முன்னால் 10 மில்லிசெகண்ட் மௌனம் ஒட்டிக்கொண்டிருந்தாலும், எவ்வளவு சரியாகத் தட்டினாலும் தாளம் பின்தங்கும். முடிவில், அலை பூஜ்யக் கோட்டைத் தொடும் இடத்தில் வெட்டுங்கள், அல்லது 3 மில்லிசெகண்ட் ஃபேட் கொடுங்கள். இல்லாவிட்டால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். ஸ்னேரின் வாலை மட்டும் ஒட்ட நறுக்காதீர்கள். அந்த அறையின் எதிரொலி அதில்தான் இருக்கிறது.

அடுத்து ஸ்விங், அதாவது ஒன்றுவிட்டு ஒன்றாக அடிகளைச் சற்றுத் தாமதப்படுத்தும் அமைப்பு. அது 50 சதவீதத்தில் இருந்தால் தாளம் கடிகாரம் மாதிரி இருக்கும். 54 முதல் 58 வரை வைத்துப் பாருங்கள். 90 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 90 பீட்) 54 என்றால், ஒவ்வொரு இரண்டாவது பதினாறாம் நோட்டும் (பீட்டில் கால் பங்கு) சுமார் 13 மில்லிசெகண்ட் தள்ளி விழும். இத்தனூண்டு மாற்றத்திலேயே தலை ஆடத் தொடங்கிவிடும்.

பெரும்பாலானவர்கள் சறுக்குவது சுருதியில். 110 பிபிஎம் பியானோவை வேகம் குறைத்து 90-க்கு இறக்கினால், சுருதியும் ஏறக்குறைய மூன்றரை செமிடோன் இறங்கும் (செமிடோன் என்பது பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் இடைவெளி). அது இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே தொங்கும். வேறொரு ரெக்கார்டின் பேஸை அதன்மேல் வைத்தால் காது கூசும். எனவே தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் சுருதியை முழு செமிடோன் கணக்கில் இறக்கி, கிடைக்கும் வேகத்தையே பாட்டின் வேகமாக வையுங்கள். 3 செமிடோன் இறக்கினால் 92.5 பிபிஎம், 4 என்றால் 87.3. சுருதியை மாற்றாமல் வேகத்தை மட்டும் மாற்றும் டைம்-ஸ்ட்ரெச் எளிதுதான், ஆனால் ஸ்னேரின் அடி மழுங்கிப்போகும்.

பியானோ துண்டுக்குள் ஏற்கெனவே ஒரு பேஸ் ஒளிந்திருக்கும். 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு உங்கள் பேஸை வையுங்கள். இல்லாவிட்டால் கிக் காணாமல் போகும். ரெக்கார்டிலிருந்து எடுக்கும்போது உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். அடியில் ‘ம்ம்ம்’ என்று உறுமல் கேட்டால், டர்ன்டேபிளின் எர்த் வயரை, அதன் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ ப்ரீஆம்பில் மாட்டியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள்.

வெளியிடுவதாக இருந்தால் ஒவ்வொரு சாம்பிளுக்கும் இரண்டு அனுமதி வேண்டும்: ஒலிப்பதிவின் உரிமையாளரிடம் ஒன்று, இசையமைப்பின் உரிமையாளரிடம் ஒன்று. எந்த ரெக்கார்டு, எந்தப் பக்கம், எத்தனையாவது நிமிடம் என்று வெட்டும்போதே குறித்து வையுங்கள்.